வெள்ளைப் பூவுக்கு நிழல் வேண்டும்

நுவரெலியாவுக்கு வருகிறவர்கள் பங்களாப் பூந்தோட்டங்களைப் பார்த்துவிட்டு, "இந்தக் குளிருக்கு எதை நட்டாலும் பூக்கும்" என்பார்கள். இந்த மலையில் பூச்செடிகளோடு காலம் கழித்த எனக்கு அது பாதி உண்மைதான். 1,868 மீற்றர் உயரம் நமக்குக் குளிரைத் தருகிறது. அந்தக் குளிரை வேர்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது நிழல். ஈரம் அழுகலாக மாறாமல் காப்பது வடிகால். நிழலும் வடிகாலும் தானாக அமைவதில்லை. மனிதக் கை அமைக்க வேண்டும். வெள்ளைப் பூக்களை வளர்த்துத்தான் இதை நான் நன்றாகப் புரிந்துகொண்டேன். சிவப்பும் மஞ்சளும் ஓரளவு வெயிலைத் தாங்கிக்கொள்ளும். வெள்ளை இதழில் உச்சி வெயில் பட்டாலும், மழைநீர் தேங்கி நின்றாலும் மறுநாளே பழுப்புக் கறை விழுந்துவிடும். ஒரு தோட்டத்தில் வெள்ளைப் பூ கறையில்லாமல் நிற்கிறதென்றால் அங்கே வேலை தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம்.

நான் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவன். அப்பா பெரிய துரை பங்களாவில் பூந்தோட்ட வேலை பார்த்தார். காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை மலைக்கு ஆள் பிரிக்கும்போது அப்பாவைப் பங்களாவுக்கு அனுப்புவார். கொழுந்து எடுப்பவருக்கும், கான் வெட்டுபவருக்கும், கவ்வாத்து வெட்டுபவருக்கும் விழுகிற அதே ஒரு நாள் கூலிப் பேர்தான் அவருக்கும் விழும். பள்ளிக்கூடம் விட்டதும் நான் பங்களாவுக்கு ஓடுவேன். நாற்றுப் பெட்டிக்கு மண் சலிப்பது, பூவாளியால் நீர் தெளிப்பது, தொட்டியில் பாசி சுரண்டுவது என்று சின்னச் சின்ன வேலைகள் கிடைக்கும். அப்பா அதிகம் பேசமாட்டார். "தம்பி, செடியப் பாக்குறதுக்கு முன்னால அது மேல விழுற வெளிச்சத்தப் பாரு" என்பார். காலையில் ஒரு தடவை, உச்சியில் ஒரு தடவை, தேநீர் நேரத்துக்குப் பிறகு ஒரு தடவை என்று ஒரே இடத்தை என்னைப் பார்க்க வைப்பார். பிற்பாடு டிக்கோயாவிலும் லிந்துலையிலும் நுவரெலியாவிலும் பல பங்களாக்களில் நான் வேலை செய்தேன். இப்போது சொந்தமாகச் சிறியதொரு பூந்தவறணை வைத்திருக்கிறேன். எங்கே போனாலும் முதல் வேலை அந்த வெளிச்சத்தைப் பார்ப்பதுதான்.

இந்த மலைகளில் குளிர்தேசப் பூக்கள் வந்து சேர்ந்த வரலாறு நீளமானது. 1848இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் தம் நாட்டிலிருந்து ஆட்களையும் மாடுகளையும் கொண்டுவந்து நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் குடியிருப்பை உண்டாக்கப் பாடுபட்டார். 1861இல், பேராதனைத் தாவரத் தோட்டம் துவைட்ஸ் என்ற தாவரவியலாளரின் பொறுப்பில் இருந்தபோது, ஹக்கலை மலையடியில் சிங்கோனாவுக்காக ஒரு தோட்டம் திறந்தார்கள். மலேரியாவுக்கு மருந்தான குயினைன் அந்த மரத்தின் பட்டையிலிருந்துதான் வந்தது. 1882இல் பொறுப்பேற்ற வில்லியம் நொக்கின் காலத்தில் ஹக்கலை மெல்ல மெல்லப் பூங்காவாக உருமாறியது. 1897இல் விக்டோரியா மகாராணியின் வைரவிழாவை ஒட்டி நுவரெலியா நகரப் பூங்காவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. ரோஜா, ஹைட்ரேஞ்சியா, பியூசியா, பெகோனியா, லில்லி எல்லாம் தோட்டப் பங்களாக்களில் நிலைகொண்டது அந்த வெள்ளைக்காரக் காலத்தில்தான்.

அந்த வரலாற்றில் துரைமாரின் பெயர்கள் இருக்கின்றன, செடிகளின் லத்தீன் பெயர்களும் இருக்கின்றன. பாத்தி கட்டியவர்களின் பெயர்கள் இல்லை. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம் என்று வறண்ட ஊர்களிலிருந்து கண்டிச் சீமைக்கு வந்தவர்கள் எங்கள் முன்னோர். கம்பும் சோளமும் விளைந்த மண்ணை அறிந்த அவர்கள், பெயர்கூடக் கேட்டிராத குளிர்தேசப் பூச்செடிக்கு இந்த மலையில் எந்த மூலை ஒத்துவரும் என்பதைத் தாங்களே கண்டுபிடித்தார்கள். துரைசாணிகளிடம் ஆங்கிலப் புத்தகங்கள் இருந்தன. ஆனால் அந்தப் புத்தகங்கள் வேறொரு சூரியனுக்காக எழுதப்பட்டவை.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நிழல் விரும்பும் செடியை வீட்டின் வடக்குச் சுவரோரம் நடு என்று பிரித்தானியத் தோட்டப் புத்தகங்கள் சொல்லும். அங்கே உச்சிச் சூரியன் எப்போதும் தென்பக்கமாகவே நிற்கிறது. வடக்குச் சுவரோரம் ஆண்டு முழுவதும் உச்சி வெயில் படாது. நுவரெலியா பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழு பாகையில் இருக்கிறது. இங்கே சூரியன் வருடத்தில் இரண்டு தடவை நேர் தலைக்கு மேலே வரும். ஏப்ரல் பிற்பாதியிலிருந்து ஓகஸ்ட் வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். மற்ற மாதங்களில் தெற்கே. ஆகவே நம் வடக்குச் சுவருக்கும் வெயில் படும். ஆனாலும் வடக்குச் சுவரோரம்தான் நல்லது என்று அப்பா சொல்வார். அதற்குக் காரணம் வேறு. வெயில் வடக்கே வரும் ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவ மேகம் வானத்தை மூடிக்கிடக்கும். வானம் தெளிந்து வெயில் சுடுவது ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை; அப்போது சூரியன் தெற்கே இருப்பதால் வடக்குச் சுவரோரம் நிழல் விழுந்திருக்கும். மேகமும் சுவரும் மாறி மாறிக் காவல் நிற்கின்றன. இதோடு, அட்டன் பக்கம் தென்மேற்குக் காற்று இலையைக் கிழித்துப் போடும். வீட்டின் வடகிழக்குப் பக்கம் அதற்கு மறைவு. காலை வெயில் மட்டும் மிருதுவாக வந்து போகும். எனவே வீட்டின் ஈசானி மூலைதான் வெள்ளைப் பூவுக்கு முதல் இடம். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பங்களாவுக்குப் பங்களா பார்த்து உறுதிசெய்துகொண்டேன்.

மரநிழலில் தரம் உண்டு. சைப்ரஸ் மரத்தடி அடர்ந்து இருண்டு கிடக்கும். அதன் வேர் மேல்மண்ணின் ஈரத்தை எல்லாம் குடித்துவிடும். டர்பன்டைன் மரத்தடியும் அப்படித்தான். கிரவில்லியா நல்ல மரம். அதன் இலை கிழிந்த இலை என்பதால் வெளிச்சம் சலித்துக் கீழே விழும். பருவமழைக்கு முன் தேயிலை மலையில் நிழல்மரங்களின் கிளை வெட்டுவார்களே, அதே காலத்தில் பூந்தோட்டத்திலும் வெட்ட வேண்டும். மழைமாதங்களில் வெளிச்சமே குறைவு; அப்போது கிளையும் மூடிக்கிடந்தால் இலை காயாமல் பூஞ்சணம் பிடிக்கும். மழை விட்டு வெயில் வரும்போது கிளை திரும்பத் தழைத்திருக்கும். நிழல் என்பது ஒரு தடவை அமைத்துவிட்டு மறந்துபோகிற காரியமல்ல. பருவத்துக்குப் பருவம் அதைக் கூட்டியும் குறைத்தும் கொண்டிருப்பதே பூந்தோட்டக்காரனின் பெரிய வேலை.

மரநிழலுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிந்த இரவுகளில் நுவரெலியாவில் துகள்பனி விழும். விடியும்போது புல்வெளி வெளுத்துக் கிடக்கும். வெயில் ஏறியதும் தேயிலைத் தளிரும் உருளைக்கிழங்குச் செடியும் கருகும். மண்ணின் சூடு இரவில் மேலே போய்விடுவதால் வரும் வினை இது. தலைக்கு மேலே ஒரு கிளை இருந்தால் அந்தச் சூடு முழுதாகத் தப்பிப் போகாது. அதனால் திறந்த பாத்தி கருகிய காலையிலும் மரத்தடிப் பாத்தி பச்சையாக நிற்கும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தங்கும். ஆகவே சரிவில் பாத்தி போட்டால் கீழ்ப்பக்க வேலியை அடைத்துக் கட்டக்கூடாது. ஓர் இடைவெளி விட்டால் பனிக்காற்று இறங்கிப் போய்விடும். பனி பிடித்த இலையில் வெயில் படுவதற்குமுன் நீர் தெளித்துக் கரைத்துவிட்டால் பாதிச் சேதம் குறையும்.

அடுத்தது மண். மலைநாட்டு மண் புளித்த மண். தேயிலைக்கு ஏற்ற அமில அளவு 4.5 முதல் 5.5 வரை என்று தேயிலைக்காரர்கள் சொல்வார்கள். தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்திலிருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் இதைக் கணக்காகவே பார்ப்பார்கள். புளிப்பு மிஞ்சிய மலைக்கு டொலமைட் போடச் சொல்வார்கள். பூந்தோட்டத்தில் இதை எனக்குக் காட்டிக்கொடுத்தது ஹைட்ரேஞ்சியா. புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைப்பதால் அது நீலமாகப் பூக்கும். சுண்ணாம்போ டொலமைட்டோ சேர்ந்த மண்ணில் அதே செடி இளஞ்சிவப்பாகிவிடும். லயத்து அடுப்புச் சாம்பலை அதன் அடியில் கொட்டினாலும் நீலம் மங்கும். வெள்ளை ஹைட்ரேஞ்சியா மட்டும் எந்த மண்ணிலும் வெள்ளையாகவே இருக்கும். ஆனால் வெயில் பட்டால் சிவந்துபோகும். ஆகவே நீலத்துக்கு மண்ணைப் பார், வெள்ளைக்கு வெளிச்சத்தைப் பார் என்று என்னிடம் வேலை பழக வரும் பிள்ளைகளுக்குச் சொல்லுவேன்.

நிழல் பாத்திக்கு உயிர் இலைமக்கு. கிரவில்லியா இலை, காய்ந்த பன்னம், புல்வெட்டு ஆகியவற்றை அடுக்கடுக்காகக் குழியில் போட்டு, ஒவ்வோர் அடுக்குக்கும் மேல்மண் தூவி, மழைநீர் நேரே விழாமல் மூடிவைத்தால் ஒரு வருடத்தில் கறுத்துப் பொடியும். சைப்ரஸ் இலையையும் டர்பன்டைன் இலையையும் நான் சேர்ப்பதில்லை. அவை மக்க மறுக்கும். மண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கு இலைமக்கு, கொஞ்சம் ஆற்றுமணல், நன்றாக மக்கிய மாட்டெரு என்று கலந்து, பாத்தியைத் தரைமட்டத்திலிருந்து அரையடி உயர்த்தி, மேல்பக்கம் ஒரு கான் வெட்டிவிட வேண்டும். தேயிலை மலையில் கான் வெட்டப் பழகியவனுக்கு இது கைவந்த வேலை. அந்தக் கான் இல்லாவிட்டால் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்து மழைக்கு எந்தப் பாத்தியும் ஒரு பருவம் தாங்காது. இலைமக்கு இருக்கும் இடத்தில் மண்புழு இருக்கும். மண்புழுவைத் தேடிக் காட்டுப்பன்றி வரும். ஓடில்லா நத்தையும் வரும். இரவில் டோர்ச் வெளிச்சத்தில் கையால் பொறுக்குவதைவிட நல்ல வழி நத்தைக்கு இல்லை. அட்டைக்குக் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு போவோம்.

இந்த மலையின் நிழலுக்கும் ஈரத்துக்கும் மிகப் பொருந்திய வெள்ளைப் பூ எது என்று கேட்டால் அரும் லில்லி என்பேன். தென்னாபிரிக்காவின் ஈரநிலங்களில் பிறந்த செடி அது. இங்கே ஓடைக்கரையிலும் பீலித் தண்ணீர் வழியும் கானோரத்திலும் நட்டவர் இல்லாமலே நிற்கும். வெள்ளையாக மடல் விரித்து நிற்பது உண்மையில் பூவிதழ் அல்ல, ஓர் இலை. நடுவில் நிற்கும் மஞ்சள் தண்டில்தான் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு பூக்கள் நெருங்கியிருக்கின்றன. அதனால்தான் அது பல நாட்கள் வாடாமல் நிற்கிறது.

அரும் லில்லிக்குக் கிழங்கைப் பிரித்து நட வேண்டும். பருவமழை தொடங்குமுன், முளை மேலே பார்க்க, ஒரு சாண் ஆழத்துக்குக் குறைவாக வைத்து, ஒன்றுக்கொன்று ஒன்றரை அடி இடைவெளி விடுவேன். ஈரம் எப்போதும் இருக்க வேண்டும். ஆனால் அது ஓடுகிற ஈரமாக இருப்பது நல்லது. தேங்கிய சூடான நீரில் கிழங்கு கூழாகி நாறும். அப்படியொரு கிழங்கைக் கண்டால் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்து அகற்றிவிட வேண்டும். அந்த நோய்க்கு மருந்து கிடையாது. வெட்டிய கத்தியையும் கொதிநீரில் கழுவ வேண்டும். முழு இருட்டில் நட்டால் இலை பெருத்துப் பூ குறையும். எரு மிஞ்சினாலும் அதே கதைதான். காலை வெயில் இரண்டு மணி நேரம், பிறகு நிழல் என்ற இடத்தில் மடல் பால்வெள்ளையாக வரும்.

பூவெடுக்கும்போது கத்தி வைக்கக்கூடாது. தண்டின் அடியைப் பிடித்து லேசாகத் திருகி இழுத்தால் கிழங்கிலிருந்து சுத்தமாகக் கழன்று வரும். கத்தியால் வெட்டினால் மிச்சமிருக்கும் அடித்தண்டு அழுகி, அழுகல் கிழங்குக்கு இறங்கும். மடல் பாதி விரிந்த நிலையில் விடியற்காலையில் எடுத்து, நேராக வாளித் தண்ணீரில் வைக்க வேண்டும். அதன் சாறு பட்ட கை அரிக்கும். கண்ணில் பட்டால் பெரிய வேதனை. சேம்பிலும் கருணையிலும் இருக்கும் அதே ஊசிப் படிகங்கள்தான் காரணம். பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தேவாலயத்துக் கலியாணத்துக்கும் இந்தப் பூதான் போகிறது, கல்லறைக்கும் இந்தப் பூதான் போகிறது. என் அம்மாயியை அடக்கம் செய்த அன்று பங்களாவிலிருந்து அப்பா ஒரு கட்டு அரும் லில்லி கொண்டுவந்து வைத்தார். லயத்தில் யார் வீட்டிலும் அதுவரை அந்தப் பூ வைத்ததில்லை. அதற்குப் பிறகு பலர் கானோரத்தில் கிழங்கு நட்டார்கள்.

ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். அரும் லில்லியை வீட்டுப் பாத்தியில் வையுங்கள். காட்டு ஓடையிலும் சதுப்பிலும் கொண்டுபோய் எறியாதீர்கள். வெள்ளைக்காரர் காலத்தில் வந்த மஞ்சள்பூ முட்செடியான கோர்ஸ் இன்று ஹோர்ட்டன் சமவெளியில் உள்ளூர்ப் புல்லை அழுத்திக்கொண்டு பரவி நிற்கிறது. அதைப் பிடுங்குவதற்கு எவ்வளவு உழைப்பு போகிறது என்பதைப் பார்த்தவர்கள் வேலி தாண்டிச் செடியை வீச மாட்டார்கள்.

இனி இமயமலைப் பொப்பி. மெகொனொப்சிஸ் என்பது அதன் பெயர். நம் கசகசாவின் குடும்பம். ஆனாலும் இனம் வேறு. 1913இல் பெய்லி என்ற பிரித்தானிய அதிகாரி திபெத்தில் அதன் நீலப்பூவைக் கண்டார். 1924இல் கிங்டன் வார்ட் என்ற செடி சேகரிப்பாளர் விதை சேர்த்து அனுப்பியபின் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் அதன்மேல் பித்தானார்கள். அந்த நீலப்பூவிலேயே வெள்ளையாகப் பூக்கும் வகை உண்டு. பூட்டானின் மேற்குப் பகுதியில் வெள்ளையாக மட்டுமே பூக்கும் தனி இனமும் உண்டு. அது சில ஆண்டுகள் ரோமம் போர்த்திய இலைக்கொத்தாக நிலத்தோடு படுத்துக் கிடந்து, ஒரே ஒரு தடவை உயரமான தண்டு விட்டுப் பூத்து, விதை கொடுத்து, அத்தோடு மடியும்.

நான் வேலை பார்த்த பங்களா ஒன்றில் ஒரு துரைசாணிக்கு ஸ்கொட்லாந்து உறவினர் வீட்டுத் தோட்டத்தின் வெள்ளைப் பொப்பி விதை கிடைத்தது. என்னிடம் கொடுத்து வளர்க்கச் சொன்னார். நான் மனமாரச் செய்தேன். விதை மணலைப் போலப் பொடியானது, அதை மூடக்கூடாது. வெளிச்சம் பட வேண்டும். சலித்த இலைமக்கின் மேல் தூவி, கண்ணாடி மூடி, மரப்பன்னத்தின் நிழலில் வைத்தேன். அடியிலிருந்து நீர் ஏறும்படி பெட்டியைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தினேன். விதை முளைத்தது. முதலிலைப் பருவத்தில் கழுத்தழுகல் சிலவற்றைக் கொண்டுபோனது. மிஞ்சியவை தங்க நிற ரோமத்தோடு அழகான இலைக்கொத்துகளாக வந்தன. தென்மேற்கு மழையையும் தாங்கின. ஐப்பசி மழையும் அதையடுத்து வடகீழ் மழையும் நிற்காமல் வந்தபோது ரோமத்தில் நீர்த்துளி தங்கித் தங்கி, நடுக்குருத்து அழுகி, ஒவ்வொன்றாகப் போயின. ஒன்றும் பூக்கவில்லை.

இதற்குக் காரணத்தைப் பிறகு நன்றாக யோசித்துப் பார்த்தேன். இமயமலைக்கும் நமக்கும் ஒரே தென்மேற்குப் பருவக்காற்றுதான். ஜூன் முதல் செப்டெம்பர் வரை அங்கேயும் மழையும் மூடுபனியும். அதுவரை செடிக்கு நம் ஊர் சொந்த ஊர்தான். அதற்குப்பின் அங்கே மழை நின்று, குளிர் இறங்கி, பனிப்போர்வைக்கு அடியில் செடி பல மாதங்கள் காய்ந்த ஓய்வில் கிடக்கிறது. நமக்கு அந்த நேரத்தில்தான் அடுத்த மழை. மாதச் சராசரி வெப்பம் இங்கே வருடம் முழுவதும் சுமார் மூன்று பாகைக்குள்தான் ஏறி இறங்கும். மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேர வித்தியாசம்கூட இல்லை. குளிர்காலம் வந்துவிட்டது என்று செடிக்குச் சொல்ல இந்த மலையில் எதுவும் இல்லை. "துரைசாணி, இது தூங்கி எழும்ப வேண்டிய செடி. இங்க அதத் தூங்க வைக்க வழியில்லைங்க" என்று சொன்னேன். அவர் புரிந்துகொண்டார். அதே பாத்தியில் வெள்ளை ஜப்பானிய அனிமோனியும் வெள்ளை பெகோனியாவும் வைத்தோம். அந்தப் பாத்தி பல ஆண்டுகள் நன்றாக இருந்தது.

குளிரும் நிழலும் மட்டும் செடியின் ஊரை உண்டாக்கிவிடாது என்பதை அந்தப் பொப்பி எனக்குக் கற்றுத் தந்தது. ஒரு செடி எந்த மாதத்தில் நனைகிறது, எந்த மாதத்தில் காய்கிறது, எப்போது ஓய்கிறது என்று கேட்ட பிறகே அதை இங்கே வளர்க்கலாமா என்று முடிவுசெய்ய வேண்டும். வெளிநாட்டிலிருந்து விதையோ கிழங்கோ கொண்டுவர இன்று தாவரத் தனிமைப்படுத்தல் அனுமதி வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. நோயும் களையும் அப்படித்தான் நாட்டுக்குள் நுழைகின்றன.

இமயத்துக்கு உறவான செடிகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. ஹோர்ட்டன் சமவெளியிலும் ஹக்கலைக் காட்டிலும் சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரன் மரம், நேபாளத்தின் தேசியப் பூவுக்கு உடன்பிறப்பு. நீலகிரியிலும் அதன் சொந்தம் உண்டு. இமயத்தில் மேலே ஏற ஏற அந்தச் சிவப்பு வெளுத்து, உச்சிப் பகுதிகளில் வெள்ளையாகவும் பூக்கிறது. இன்னொரு செடியைச் சொன்னால் வாசகர் வியப்பார்கள். இமயமலையின் கிழக்குச் சரிவுகளையும் அசாமையும் ஒட்டிய காடுகளில், பெரிய மரங்களின் நிழலில் வளர்ந்த சிறுமரம் ஒன்று 1839இல் விதையாகப் பேராதனைக்கு வந்தது. தங்க நிறக் கேசரங்களைச் சுற்றி வெள்ளை இதழ் விரிக்கும் அந்த மரம்தான் தேயிலை. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் அதை நட்டார். கவ்வாத்து வெட்டி, மட்டக்கம்பு வைத்துக் கொழுந்தெடுத்துக்கொண்டே இருப்பதால் அது பூக்க நாம் நேரம் விடுவதில்லை. குச்சி நட்டு வளர்க்கும் வீ.பி. தேயிலை வருமுன் விதைக்காக விட்டுவைத்த பழைய மரங்களின் அடியில் இன்றும் வெள்ளைப் பூ உதிர்ந்து கிடப்பதைப் பார்க்கலாம். நிழலில் வளரும் வெள்ளைப் பூச்செடியொன்று இமயத்தடியிலிருந்து வந்தபோது, அதை இந்த மலைகள் முழுவதும் வெற்றியாக வளர்த்தவர்கள் எங்கள் ஆட்கள். அதை யாரும் பூந்தோட்டக் கலையாகக் கணக்கில் எடுத்ததில்லை.

பங்களாக்கள் பல இன்று விடுதிகளாகிவிட்டன. ஏப்ரல் வசந்தகாலத்தில் நுவரெலியாவுக்கு வரும் கூட்டம் மலர்க் கண்காட்சியைப் பார்த்து மகிழ்கிறது. விடுதிக்காரர்கள் படத்தில் பூவை முன்வைத்து அறைகளை விற்கிறார்கள். ஆனால் பூந்தோட்டக்காரன் இன்னமும் உதிரித் தொழிலாளியாகத்தான் கணிக்கப்படுகிறான். வெளிச்சம் பார்க்கவும், கிழங்கு பிரிக்கவும், கான் சரிவு நிதானிக்கவும் தெரிந்தவருக்குப் புல்வெட்டுகிறவரின் சம்பளம்தான். பழைய ஆட்கள் ஓய்கிறார்கள். இளையவர்கள் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகிறார்கள். கையிலிருந்து கைக்கு வந்த இந்த அறிவு எழுத்தில் இல்லை. இதைத் தொழிலாக மதித்துச் சம்பளம் கொடுக்க வேண்டும். தோட்டப் பாடசாலைகளில் விவசாயப் பாடத்தோடு இதையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். இது சலுகை கேட்பதல்ல. இந்த மலைநாட்டுக்கு அழகைக் கொடுத்த கைகளுக்குரிய நியாயம்.

லயத்தை விட்டுச் சிறு காணியில் தனி வீடு கட்டிப் போகிற குடும்பங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. மரக்கறிப் பாத்திக்கு வெயிலுள்ள இடத்தைக் கொடுங்கள். ஈசானி மூலையில், சுவரோரம், ஆறடி நீளம் மூன்றடி அகலம் மட்டும் விட்டுவையுங்கள். மேல்பக்கம் ஒரு கான் வெட்டுங்கள். மக்கிய இலை போடுங்கள். சாம்பலை அங்கே கொட்டாதீர்கள். சித்திரையில் நான்கு அரும் லில்லிக் கிழங்கும், நடுவில் ஒரு வெள்ளை ஹைட்ரேஞ்சியாக் குச்சியும் நடுங்கள். விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஏற்கெனவே வைத்திருக்கும் வீட்டில் கேட்டால் தருவார்கள், கேட்காவிட்டாலும் பிரித்துத்தான் ஆக வேண்டும். பிள்ளைகளை அந்தப் பாத்தியின் முன்னால் காலையிலும் உச்சியிலும் மாலையிலும் நிறுத்தி, வெளிச்சம் எங்கே விழுகிறது என்று கேளுங்கள். நாங்கள் அடுத்தவர் பங்களாவில் கற்ற தொழிலை அவர்கள் சொந்த மண்ணில் கற்கட்டும்.